மண்டபத்தில் மீன் தின்னாத ஒரு பூனை

எங்கள் ஊரில் யாரிடமாவது போய் எங்கள் வீட்டுப் பூனை மீன் தின்னாது என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று விசாரிப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊரான மண்டபத்தின் கரையில் திரிகிற பூனைகளுக்கு எந்தப் படகு எப்போது வந்து அணையும் என்பது ஏலக்காரரைவிட நன்றாகத் தெரியும். வலையிலிருந்து உதிர்கிற காரலுக்கும் சூடைக்கும் காகத்தோடும் நாயோடும் மல்லுக்கட்டி வளர்ந்தவை அவை. அந்த ஊரில், கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டில், சூடை மீனைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிற ஒருத்தனை நான் மூன்று வருடமாக வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

அப்பத்தா மொட்டைமாடியில் நெத்திலி காயப்போடும். கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று ஊரில் கிண்டலுக்குச் சொல்வார்கள், எங்கள் வீட்டில் நிஜமாகவே அதுதான் நடக்கிறது. காக்காயை விரட்டுவானா என்றால் அதுவும் இல்லை. கருவாட்டின் மேலேயே ராஜ நடை நடந்து நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொள்வான். அந்த நடையில் உதிர்ந்த வெள்ளை மயிர் நெத்திலியில் ஒட்டிக்கொள்ளும், அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது என் வேலை.

அண்ணன் சென்னையில் வேலை பார்த்தபோது 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பெர்ஷியன் ஜாதிப் பூனை அது. கம்பெனியில் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியதும், "ரெண்டே மாசம் வச்சுக்க, நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்று ஒரு கூடையோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை. அவன் வைத்த பேர் மஃபின். அப்பத்தா வாயில் அது நுழையாமல் மப்பு ஆகிவிட்டது. அரைக்கண் மூடி, கண்ணில் தண்ணி வழிய, மூக்கால் கொர்ரென்று இழுத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிற கோலத்துக்கு அந்தப் பேர்தான் சரி.

விற்கிறவர்கள் இந்தப் பூனைகளை மூஞ்சியை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ். ஓங்கிக் குத்துவிட்ட மாதிரி மூக்கு உள்ளே போயிருந்தால் பஞ்ச் ஃபேஸ், அதற்குத்தான் விலை அதிகம். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே பெர்ஷியன் இருந்தது, ஆனால் அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்கள், மூக்கு மூக்காகத்தான் இருக்கும். அப்புறம்தான் தட்டையான குட்டிகளாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள். (பெர்ஷியன் என்று பேர்தானே தவிர, மரபணுவைச் சோதித்துப் பார்த்தால் இன்றைக்கு இருக்கிற பெர்ஷியன் ஐரோப்பியப் பூனைக் கூட்டத்தோடுதான் சேருகிறதாம். பேரிலேயே பொய்.)

நம்மூரில் சாதி நாய், சாதிப் பூனை என்று பெருமையாகச் சொல்கிறோம் இல்லையா? நாம் அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டுவதெல்லாம் ஒன்றுமே இல்லை, இந்தப் பூனைகளில் அப்பனையும் மகளையும்கூடச் சேர்ப்பார்கள், சாதி கலந்துவிடக் கூடாது என்று. சுத்தம் பார்த்துப் பார்த்து வளர்த்தால் என்ன ஆகும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வரலாம், மப்புவின் மூக்கைக் காட்டுகிறேன்.

அவன் மீன் தின்னாததற்கே அதில் பாதிக் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் அம்மா ஆசையாக நகரை மீனை அவித்து முள் எடுத்து வைத்தார். மோந்து பார்த்தான், நாக்கை நீட்டினான், மீன் தட்டில் வழுக்கிக்கொண்டே போனது, மூஞ்சி தட்டில் இடித்தது, தும்மிவிட்டுப் போய்விட்டான். எங்களுக்கு அது திமிராகத் தெரிந்தது. "பட்டணத்துத் தொரைக்கு நகரை எறங்கலையாக்கும்" என்றது அப்பத்தா. பிறகு மதுரையில் ஒரு டாக்டர்தான் விளக்கினார்: தாடை குட்டையாகிப் போனதால் இந்தப் பூனைகளால் மற்ற பூனை மாதிரி கவ்வி எடுக்க முடியாது, நாக்கின் அடிப்பக்கத்தால் வழித்துத்தான் எடுக்கும். அதோடு குட்டியிலிருந்தே பாக்கெட் தீனி மட்டும் பார்த்து வளர்ந்தவன், மற்றதெல்லாம் அவனுக்குச் சாப்பாடு என்றே தோன்றாது. சரி, திமிரும் கொஞ்சம் உண்டு என்பது என் கணக்கு.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. சூடை, சாளை, நெத்திலி மாதிரி மீன்களைப் பச்சையாகவே தினமும் போட்டு வளர்த்தால், அதில் இருக்கிற ஒரு நொதி தயமின் என்கிற பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். கொஞ்ச நாளில் பூனை தலையைத் தூக்க முடியாமல் மார்போடு தொங்கவிடும், வலிப்பு வரும். அவித்துவிட்டால் அந்த நொதி செத்துப்போகும். கரைப் பூனைகள் தப்பிப்பது எலி, ஓணான் என்று எல்லாமும் தின்பதால் என்று நினைக்கிறேன். அதே மாதிரி வெறும் பால்சோறும் ஆகாது. பூனைக்கு டாரின் என்று ஒரு சத்து கறியிலிருந்தோ மீனிலிருந்தோ கிடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இதயம் பெருத்துவிடும், கண்ணும் போகும். அப்பத்தா இதை நம்பவில்லை. "எங்க காலத்துல பூனைக்கு யாரு சத்து பார்த்தா" என்று கேட்டது. அந்தக் காலத்தில் பூனை எத்தனை வயதில் செத்தது என்றும் யாரும் பார்க்கவில்லையே.

இனி மயிர்க் கதை. இதுதான் பெரிய கதை.

ராமநாதபுரம் கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், கிணற்றுத் தண்ணீர் உப்பு. நாங்கள் குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் அதில்தான். மப்புவை அதில் குளிப்பாட்டினால் ஷாம்பு நுரைக்காது, காய்ந்த பிறகு மயிர் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டே நாளில் சடை விழுந்துவிடும். ஆகவே அவனுக்கு நல்ல தண்ணீர், விலைக்கு வாங்குகிற குடத் தண்ணீர், ஒரு குளியலுக்கு மூன்று குடம். அண்டாவில் நிற்க வைத்து நான் பிடித்துக்கொள்ள அம்மா ஊற்றுவார். நனைந்ததும் ஆள் பாதியாகிவிடுவான், அவ்வளவு பெரிய உருவத்துக்குள் எலிக்குஞ்சு மாதிரி ஒரு உடம்பு ஒளிந்திருக்கும். தெருவில் தண்ணி வண்டிக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்து வீட்டு மதினி, "பூனைக்கும் சேத்தா பிடிக்கிறே?" என்று கேட்டால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். இப்போது குளியல் மாதத்துக்கு ஒன்றுதான், மற்ற நாளெல்லாம் சீப்பு.

சீப்பு என்றால் கடையில் விற்கிற வழவழப்பான பிரஷ் அல்ல. அது மேல்மயிரை மட்டும் தடவிக்கொடுக்கும், அடியில் சடை அப்படியே இருக்கும். அகலப் பல் இரும்புச் சீப்பில் ஆரம்பித்து, காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் அப்பத்தாவின் பேன்சீப்பில் முடிக்க வேண்டும். சடை இருக்கிற இடத்தில் அடிமயிரை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து வேருக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் தோல் இழுபட்டு அவனுக்கு வலிக்கும், எனக்கு ரத்தம் வரும். என் இடது மணிக்கட்டில் நாலு கோடு இருக்கிறது, நாலும் கற்றுக்கொண்ட பாடம். ஒரு நாள் கதவு திறந்திருந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்விட்டான். அரை மணி நேரம்தான். நெருஞ்சி முள் பதினேழு, ஒட்டுப்புல் எண்ணிக்கையில் அடங்காது, வாலில் ஒரு சீமைக்கருவைக் கிளையே சிக்கி இழுத்துக்கொண்டு வந்தான். நெருஞ்சியை விரலால் நசுக்கி உடைத்தால்தான் மயிரிலிருந்து வரும். உடைத்தால் நம் விரலில் ஏறும். இரவு பதினொரு மணி வரை அந்த வேலைதான்.

இந்தக் காற்றையும் சொல்ல வேண்டும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்குப் போய்விடும், ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்று பாலத்தோடு நின்றுவிடுமா? ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசினால் எங்கள் வீட்டுச் சோற்றில்கூட மணல் கடிபடும். பிதுங்கிய கண்ணும், இமை சரியாக மூடாத முகமும், கண்ணீர் இறங்க வேண்டிய குழாய் மடங்கிப்போன மூக்கும் இருக்கிற பூனைக்கு அந்த மணல் என்ன செய்யும்? போன வருடம் ஒரு கண்ணைத் திறக்கவே இல்லை, கருவிழியில் புண். இரண்டு வாரம், நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து. ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டேன், அதோடு நடந்து ஒவ்வொரு கதவாக இடித்துக்கொண்டு திரிந்தான்.

கண் சுத்தம் செய்வது தினப்படி வேலை. காலை ஐந்தரைக்கு, நான் ஐஸ் கம்பெனிக்குக் கிளம்புமுன், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்தில் கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி ஒட்டியிருப்பதை ஊறவைத்துத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. அப்போது மட்டும் என் கையில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு நிமிடம். துடைத்து முடித்ததும் கையைக் கடிப்பான்.

மணலை வைத்து நானும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அவன் கக்கூஸ் தட்டுக்குக் களிமண் குருணையைக் கூரியரில் வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடலோரத்தில் இருந்துகொண்டு மணலைக் காசு கொடுத்து வாங்குவதா என்று ஒரு வாளி கடல்மணலை அள்ளி வந்து தட்டில் கொட்டினேன். பயலுக்குப் பிடித்துவிட்டது, அதுதான் வினை. கடல்மணல் கட்டியாகாது, ஈரம் அடியில் தேங்கி நாறும். பின்தொடை மயிரில் படி மணலைச் சுமந்துகொண்டு வந்து அப்பத்தாவின் பாயில், என் தலையணையில், அரிசி முறத்தில் உதறிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் மறுபடி கூரியர்.

அவனிடமிருந்து எனக்குப் படர்தாமரை தொற்றியதையும் மறைக்க விரும்பவில்லை. இந்த ஜாதிப் பூனைகளுக்கு அது சுலபமாக வரும், மயிருக்குள் இருப்பது வெளியே தெரியாது. முழங்கையில் வட்டமாகச் சிவந்தபோது நான் ஐஸ் கம்பெனி ஈரம் என்று நினைத்தேன். அவனுக்கு மாத்திரை, எனக்குக் களிம்பு, பாய் தலையணை எல்லாம் வெந்நீரில். ரெண்டு மாசம் போனது.

எல்லாவற்றையும்விட நான் பயந்தது தடைக்காலத்தில். இங்கே ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்கு மட்டும் ஐஸ் ஓடும், கம்பெனியில் வேலை குறைவு. வெயிலோ அப்போதுதான் உச்சம். மூக்கு குட்டையான பூனை வெக்கையைத் தாங்காது, நாய் மாதிரி வாயைத் திறந்து இளைத்தால் ஆபத்து என்று அர்த்தம். நான் உடைந்த ஐஸ் பாரில் ஒரு கட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்து ஃபேனுக்குக் கீழே வைப்பேன். அதைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பான். அந்த நாட்களில் ஒரு நாள், சாயங்காலம் முழுக்க தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். உட்காருவான், முக்குவான், ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்துவான், எழுந்து போவான். பக்கத்தில் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன், பெரும்பாலும் ஆடு மாடு பார்க்கிறவர். மலச்சிக்கல் என்று சிரப் கொடுத்தார். வீட்டில் அப்பத்தா வேறு, "காய்ச்சலா இருக்கும், அந்த வெள்ள மாத்திரையில பாதி குடு" என்றது. பாரசிட்டமாலைத்தான் சொல்கிறது. நல்லவேளை எனக்கு அது தெரியும்: அதை முறித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது, ஒரே மாத்திரை போதும் ஆளை முடிக்க.

ராத்திரி பத்து மணிக்குத் தட்டைச் சலித்துப் பார்த்தேன். குருணை காய்ந்தே இருந்தது. ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

அதைப் பார்த்த பிறகு யோசிக்கவில்லை. வாடகைக் கார் எடுத்து, பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் என்று 150 கிலோமீட்டர் மதுரைக்கு. அப்பத்தாவும் வந்தே தீருவேன் என்று ஏறிக்கொண்டது, கூடையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் "மப்பு, மப்பு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. மூத்திரக்குழாய் அடைப்பு. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல், காய்ந்த தீனியும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் உப்புத்துகள் சேர்ந்து அடைத்துவிடும். ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும். டியூப் போட்டு எடுத்தார்கள். ஆண் பூனை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தட்டில் முக்குகிறான், ஒன்றும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். அன்றிலிருந்து அவனுக்கு ஈரத் தீனி, வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்க் கிண்ணம், அதுவும் நல்ல தண்ணீர்.

அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். பணம் அனுப்பினான், மறுக்கவில்லை. "போட்டோ ஒண்ணு அனுப்பு" என்றான்.

இடையில் ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் பெண் பெர்ஷியனைக் கூடையில் வைத்துக்கொண்டு கிராசிங்குக்கு, அதாவது மப்புவோடு இணை சேர்க்க, வந்தார். ஒரு குட்டி, இல்லை ரொக்கமாகப் பணம். அப்போது இவனுக்குக் கருத்தடை செய்திருக்கவில்லை, கதவு, பீரோ, என் கணக்கு நோட்டு என்று மூத்திரம் பீய்ச்சிக்கொண்டிருந்த காலம். பணத்தைக் கேட்டதும் எனக்குச் சபலம் வந்தது உண்மை. அப்பத்தாதான் திண்ணையிலிருந்தே, "மூச்சு விடவே மாரடிக்கிது, இது மாதிரி இன்னும் நாலு பெத்து யாரு தலையில கட்டப் போறீக" என்று கேட்டு அனுப்பிவிட்டது. அடுத்த வாரமே ஆபரேஷன் செய்துவிட்டோம்.

அப்பத்தா சொன்னதில் எவ்வளவு சரி இருந்தது என்பது மதுரை டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பெர்ஷியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருகிற பரம்பரை வியாதி ஒன்று உண்டு. தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தாலே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு வந்துவிடும். பிறக்கும்போதே கட்டிகள் இருக்கும், மெதுவாகப் பெருக்கும், ஏழு வயது வாக்கில்தான் பல பூனைகளுக்குச் சிறுநீரகம் கைவிடும். அதற்குள் அந்தப் பூனை எத்தனை ஈத்து ஈன்றிருக்கும்! இதற்குக் காரணமான மரபணுக் கோளாறை 2004-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், வாயில் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பினால் தெரிந்துவிடும். 18,000 ரூபாய் வாங்கியவர் அதைச் செய்தாரா என்று அண்ணனிடம் கேட்டேன். "சர்டிபிகேட் எல்லாம் குடுத்தாங்களே" என்றான். எடுத்து அனுப்பச் சொன்னேன். தாத்தன் முப்பாட்டன் பேரெல்லாம் இருந்தது, சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

மப்புவுக்கு இப்போது ஆறு வயது. கொஞ்ச நாளாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறான். நாலு கிண்ணம் வைத்ததால் குடிக்கிறானா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறது. இன்னொரு முறை கார் வாடகை கட்டாது என்பதால், எங்கள் கம்பெனியிலிருந்து ராத்திரி மதுரைக்கு லோடு போகிற மீன் வண்டியில் முன்சீட்டில் இடம் கேட்டேன். டிரைவர் அண்ணன் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏம்மா, மீன் வண்டியில பூனையா? மொதலாளி என்னையத்தான் கேப்பாரு. பின்னால இருக்கிறது பூராவும் பாறையும் விளமீனும்."

"அவன் தொட மாட்டான்ணே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டு, பின்கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கப் போயிருக்கிறார்.